பெட்டியைப் பிரிக்காமல் எண்ணுவது

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். சரக்கு ஐரோப்பா போய்ச் சேர்ந்து வெகுநாள் கழித்து, "இந்தப் பெட்டியில் மீடியம் இரண்டு குறைகிறது" என்று மெயில் வரும். கூடவே அதற்கான பணத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்று டெபிட் நோட்டும் வரும். நாம் குறைவாகப் போட்டோமா, வழியில் போனதா, அங்கே எண்ணியது தப்பா என்று காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது. அதற்குத் தீர்வு தேடி நாங்கள் ரேடியோ அலையில் படிக்கும் ஆர்எஃப்ஐடி டேக் பக்கம் போனோம் என்று சொன்னால் பொய். அடுத்த சீசனிலிருந்து எல்லாப் பீஸிலும் டேக் வேண்டும் என்று சரக்கு வாங்கும் பையர் சொன்னார், போட்டோம். டெகாத்லான், யூனிக்ளோ போன்ற கடைகள் பல வருடமாக இப்படித்தான் ஸ்டாக் பார்க்கின்றன.

ஒரே ஸ்டைல், ஒரே கலர், ஒரே சைஸ் என்றால் ஆயிரம் பீஸுக்கும் பார்கோடு ஒன்றுதான். இந்த டேக்கில் அந்தப் பொருள் எண்ணோடு ஒவ்வொரு பீஸுக்கும் தனி வரிசை எண்ணும் இருக்கிறது. பேட்டரி கிடையாது. டேக்கைப் படிக்கும் மெஷினான ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். அதனால் மூடிய பெட்டிக்குள் இருப்பதையும் படித்துவிடலாம்.

முதல் மாற்றம் டேக் ஸ்டோரில்தான். முன்பு பார்கோடு ஸ்டிக்கர் குறைந்தால் ஆபீஸிலேயே நாலு பிரிண்ட் எடுத்துக்கொள்வோம். இப்போது பையர் சொன்ன இடத்தில்தான் வாங்க முடியும். ஒரே எண் இரண்டு பீஸில் போனால் ரீடர் அதை ஒன்றாகத்தான் எண்ணும். ஆகவே டேக்கை ரூபாய் நோட்டு மாதிரி பீரோவில் பூட்டி, சைஸ் வாரியாக எண்ணிக் கொடுக்கிறோம். கிழிந்ததைத் திருப்பித் தந்தால்தான் புதுசு. டேக் செலவு யார் தலையில் என்பதை ஆர்டரைப் பேசி முடிக்கும் மெர்ச்சண்டைசர் காஸ்டிங் (விலைக் கணக்கு) போடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

ரீடர் வாங்கும்போது அமெரிக்காவுக்குச் செய்த பழைய மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒருவர் வந்தார். அங்கே 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் அனுமதிப்பது 865 முதல் 868 வரை. டேக் இரண்டுக்கும் பதில் சொல்லும், ஆனால் ரீடர் நம் அலைவரிசைக்கு இருக்க வேண்டும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

அப்புறம்தான் உண்மையான கூத்து. 24 பீஸ் போட்ட பெட்டி 27 என்று காட்டியது. பிரித்து எண்ணினால் 24தான். ரீடர் பக்கத்துப் பெட்டியைப் படிக்கிறதோ என்று எல்லாவற்றையும் தள்ளி வைத்தோம், அப்போதும் 27. கடைசியில் பார்த்தால் மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் கிழிந்த டேக் மூன்று கிடந்தது. அதுவும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது! பிறகு ரீடரின் பவரைக் குறைத்து, பெட்டி நுழையும் அளவுக்குத் தகடு அடித்த கூண்டு ஒன்று செய்து, அதற்குள் வைத்துத்தான் படிக்கிறோம்.

குறைவாகப் படிப்பது வேறு பிரச்சினை. ஒரே மாதிரி மடித்து அடுக்கினால் டேக் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிற்கும். நடுவில் உள்ள சில பேசாது. பேக்கிங் டேபிள் அக்கா ஒருவர் ஒரு பீஸைக் கழுத்து இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என்று மாற்றி அடுக்கிக் காட்டினார். சரியாகிவிட்டது. ஃபாயில் பிரிண்ட் (மெல்லிய உலோகப் படலம்) போட்ட ஸ்டைலுக்கு அதுவும் போதவில்லை. உலோகம் அலையைக் கெடுக்கிறது. டேக்கைப் பிரிண்ட் படாத முதுகுப் பக்கம் திருப்பிய பிறகுதான் முழு எண்ணிக்கை வந்தது.

இப்போது பெட்டி கூண்டுக்குள் போனதும் எஸ் 4, எம் 8, எல் 8, எக்ஸ்எல் 4 என்று திரையில் வரும். ஆர்டரோடு பொருந்தினால்தான் பெட்டி ஸ்டிக்கர் பிரிண்ட் ஆகும். சைஸ் மாறிப் போவது இங்கேயே பிடிபடுகிறது. லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும்போதே பெட்டி வாரியான எண் பட்டியல் பையருக்குப் போய்விடும். குறைகிறது என்று மெயில் வந்தால், எந்த எண் குறைகிறது என்று திருப்பிக் கேட்க முடிகிறது.

ஆனாலும் எடை மெஷினை நாங்கள் எடுக்கவில்லை. பீஸிலிருந்து கழன்று விழுந்த டேக் பக்கத்துப் பெட்டியில் மாட்டிக்கொண்டால், பீஸ் இல்லாமலே ரீடர் ஒன்று கூட்டிச் சொல்லும். ஒரு டீ-ஷர்ட் எடை வித்தியாசம் தராசில் தெரிந்துவிடும்.