ஒரு நிமிசம் என்று எடுத்த பைல்

எங்கள் ஒழுங்கைக்கே அலவாங்கு (கடப்பாரை) ஒன்றுதான். அது எங்களுடையது. ஆனால் அதை எங்கள் வீட்டில் நான் கண்டது குறைவு. கதியால் போட வேண்டும் என்று பக்கத்து வீட்டார் கொண்டு போவார்கள். அவர்களிடமிருந்து மூலை வீட்டு மாமா, அங்கிருந்து வேறு யாரோ. எங்களுக்குத் தேவை வரும்போது அம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "அலவாங்கு இப்ப ஆரிட்ட?" என்று கேட்பார். நாலாவது வளவிலிருந்து பதில் வரும்: "இந்தா தாறன் அக்கா, ஒரு நிமிசம்!"

மென்பொருள் வேலைக்குப் போனபோது இந்தத் தொல்லை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

2014இல் திருநெல்வேலியில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். (யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் திருநெல்வேலி. அல்வாவைத் தேடி வராதீர்கள்.) ஆறு பேர், ஏழு கொம்பியூட்டர், சத்தம் போடும் மின்விசிறி ஒன்று. எழுதிய நிரல்களையெல்லாம் விசுவல் சோர்ஸ்சேஃப் என்ற மைக்ரோசொஃப்ட் மென்பொருளில் வைத்திருந்தோம். 2005 என்ற பதிப்போடு அதன் வம்சம் நின்றுவிட்டது. நாங்கள் விடவில்லை. அதை நிறுவிய அண்ணை கனடா போய்விட்டார், அதைக் கழற்றத் தெரிந்தவர் யாரும் வந்து சேரவில்லை.

அதை லைப்ரரி என்றுதான் சொல்வோம். பைல் எல்லாம் அதற்குள். உங்கள் கொம்பியூட்டரில் ஒரு பிரதி இருக்கும், ஆனால் வாசிக்க மட்டும். கைவைக்க வேண்டுமானால் செக் அவுட் செய்ய வேண்டும். செய்ததும் உங்கள் பிரதி எழுதக்கூடியதாக மாறும், லைப்ரரியில் அந்தப் பைலுக்கு மேலே சிவப்பு நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழும். அதற்குப் பிறகு நீங்கள் செக் இன் செய்து திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் அதைத் திருத்த முடியாது. ஒரே பைலைப் பலர் எடுக்க விடவும் அதில் வழி உண்டு. கனடா அண்ணை அதைத் திறந்துவிடவில்லை. "ரெண்டு பேர் ஒரு சட்டிக்குள்ள அகப்பை விட்டா கறி உருப்படாது" என்பது அவருடைய கொள்கை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் புத்தகம் எடுத்தால் திருப்பிக் கொடுக்க ஒரு திகதி தருவார்கள். பிந்தினால் தண்டப்பணம். எங்கள் லைப்ரரி, எடுத்தவர் யார், எத்தனை மணிக்கு, எந்தக் கொம்பியூட்டரில் என்றெல்லாம் குறித்து வைக்கும். எப்போது திருப்பித் தருவாய் என்று மட்டும் கேட்காது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

2015 ஜனவரி 1 முதல் வற் வரி 12 வீதத்திலிருந்து 11 ஆகக் குறைகிறது என்று வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருந்தார்கள். எங்கள் பில் மென்பொருளைப் பாவித்த ஒரு தங்குவிடுதிக்காரர் டிசம்பர் 31 மத்தியானம் கோல் எடுத்தார். "தம்பி, இண்டைக்கு இரவு புதுவருசப் பார்ட்டி. லண்டன்காரர், கனடாக்காரர் எல்லாம் நிக்கினம். பன்னிரண்டு மணிக்குப் பிறகு போடுற பில்லில பன்னிரண்டு வீதம் வந்தா என்னைக் கள்ளன் எண்டுவினம்."

"அது சின்ன வேலை ஐயா, ஒரு நிமிசம்" என்றேன். அப்போது என் நாக்கில் என்ன இருந்ததோ தெரியாது.

வேலை உண்மையில் சின்னதுதான். ஒரு பைலில் ஒரு வரியில் 12 என்று இருப்பதை 11 ஆக்க வேண்டும். இரண்டை அழித்து ஒன்று. (வரி வீதத்தை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்த அறிவாளி யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.)

லைப்ரரியைத் திறந்தேன். சிவப்புச் சரி.

எடுத்தவர் விபரத்தைப் பார்த்தேன். எங்கள் நெடுந்தீவுப் பெடியன். திகதி 23.12.2014, மாலை 4.52. காரணம் எழுதும் பெட்டிக்குள் இங்கிலிஷ் எழுத்தில் "ஒரு நிமிசம்" என்று அடித்திருந்தான். எட்டு நாள் ஆகியிருந்தது.

"உவன் எங்க?" என்றார் முதலாளி அண்ணை.

"நத்தாருக்கு ஊருக்குப் போனவன் அண்ணை. வருசம் பிறந்துதான் வருவான்."

"எடுத்ததைக் குடுத்திட்டெல்லோ போகவேணும்! கோல் எடு."

எடுத்தேன். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மூன்று தரம், நாலு தரம். நேரில் போகலாமா என்று அண்ணை யோசித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் போய், அங்கிருந்து ஒரு மணித்தியாலம் படகு. மார்கழி மாதத்துக் கடல். 12ஐ 11 ஆக்க நான் அந்தப் படகில் வாந்தி எடுத்துக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பார்த்தேன். நல்ல வேளை, அந்த நேரத்துக்குப் பிறகு படகு இல்லை.

வாசிக்க மட்டும் என்ற குறியை எடுத்துவிட்டு என் பிரதியில் மாற்றினால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் மூலையில் இருந்த ஏழாவது கொம்பியூட்டர், விடுதிக்குப் போகும் பதிப்பை லைப்ரரியில் இருப்பதைக் கொண்டுதான் கட்டும். அவன் பேரில் கிடக்கும் பைலை நான் உள்ளே வைக்க லைப்ரரி விடாது. அட்மின் மட்டும் மற்றவர் எடுத்ததை இரத்துச் செய்யலாம். அட்மின் பாஸ்வேர்ட் கனடாவில் இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு ரொறொன்ரோவுக்கு அழைத்தோம். அங்கே விடிய அஞ்சரை.

"பாஸ்வேர்டோ?" என்றார் கனடா அண்ணை நித்திரைக் குரலில். "என்ர லாச்சிக்குள்ள ஒரு டயறி கிடக்கும், பார். அது சரி, அங்க மழையோ? எங்கட வடக்கு வேலியை அந்தாள் அரக்கிப் போட்டானாம், உண்மையோ?"

வேலி விவகாரம் இருபது நிமிடம் போனது. டயறி கிடைத்தது. அதற்குள் 2011ஆம் வருடத்துப் பால் கணக்கு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தது. பாஸ்வேர்ட் இல்லை. ஒரு ஆசைக்குப் பால்காரரின் பெயரை அடித்துப் பார்த்தோம். திறக்கவில்லை.

இப்போது வேலைக்குச் சேரும் பெடியன்களுக்கு இதைச் சொன்னால் டைனோசர் கதை கேட்பதுபோல் பார்க்கிறார்கள். அவர்கள் எல்லாரும் பாவிப்பது கிட் (Git), அதுவும் இப்படிப் பைல் காக்கும் மென்பொருள்தான். 2005இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. அதில் யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, ஆளுக்கொரு முழுப் பிரதி, பிறகு சேர்க்கும்போது சண்டை பிடித்துக்கொள்ளலாம். அங்கேயும் செக் அவுட் என்று ஒரு கட்டளை உண்டு, ஆனால் வேறு பிறவி. ஒரு வேலைப் பாதையிலிருந்து இன்னொன்றுக்கு (கிளை என்பார்கள்) மாறவும் அதுதான், பைலைப் பழைய நிலைக்குக் கொண்டு போகவும் அதுதான். போன மாதம் ஒரு பயிலுநர், பெயரைப் பார்த்துத் திருத்துவதற்கு எடுக்கும் கட்டளை என்று நம்பி, பைல் பெயரோடு அதை அடித்தார். இரண்டு நாள் வேலை, ஒரு கேள்வி கேட்காமல் போய்விட்டது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2019இல் அந்த வேலைகளுக்கு ஸ்விட்ச், ரிஸ்டோர் என்று தனித்தனிக் கட்டளை கொண்டுவந்தார்கள். பயிலுநருக்கு அந்தச் செய்தி பிறகுதான் எட்டியது.

பைலைப் பூட்டி வைக்கும் பழக்கம் மிகப் பழையது. 1972இல் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரோச்கைண்ட் செய்த எஸ்.சி.சி.எஸ். என்ற மென்பொருளிலேயே திருத்தப் போகிறவர் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பிறகு வந்த சப்வேர்ஷன் என்ற மென்பொருளில் பூட்டு வேண்டுமானால் போடலாம். அதற்கான டோர்ட்டாய்ஸ் கருவியில், மற்றவர் போட்ட பூட்டைத் 'திருடு' என்று ஒளிவுமறைவில்லாத ஒரு தெரிவே இருக்கிறது. அதை எழுதியவருக்கும் ஒரு நெடுந்தீவான் இருந்திருக்க வேண்டும்.

சரி, நெடுந்தீவுக்கு வருவோம். லீவு விண்ணப்பத்தில் 'அவசரத் தொடர்பு' என்ற இடத்தில் அவனுடைய அம்மாவின் இலக்கம் இருந்தது. அண்ணை என் கையில் போனைத் தந்தார்.

"ஓம் தம்பி, போன் படகில வரேக்க அலையடிச்சு நனைஞ்சு போச்சு. அரிசிக்குள்ள போட்டு வச்சிருக்கு. அவன் கோயிலடியில. இரவுப் பூசைக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுறான். என்னவும் பிரச்சினையோ?"

"பிரச்சினை இல்லை அம்மா. அவன்ர கொம்பியூட்டர் பாஸ்வேர்ட் வேணும்."

சின்னத் தம்பி சைக்கிளில் அனுப்பப்பட்டான். பாஸ்வேர்ட்டைப் பிறரிடம் கேட்கக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தச் சுவரொட்டியை எங்கள் அலுவலகத்தில் ஒட்டியதே நான்தான். அதற்கு நேர் கீழே அவனுடைய கதிரையில் அண்ணை இருந்து விரலை விசைப்பலகைக்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தார். முக்கால் மணித்தியாலம் கழித்து அம்மா அழைத்தார். பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டிருக்கிறான்.

அம்மா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். லைன் விட்டு விட்டு வந்ததால் நான் ஒவ்வொன்றையும் உரத்துத் திருப்பிச் சொன்னேன். அண்ணை அடித்தார். எந்த எழுத்துக்கள் என்று இங்கே சொல்லப் போவதில்லை. நாலாவது எழுத்துவரை அது வெறும் பாஸ்வேர்ட். ஐந்தாவது எழுத்தை நான் சொன்னதும் மூன்றாம் மேசையில் கேட்டுக்கொண்டிருந்த தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்த மேசையில் கணக்குப் பார்க்கும் பிள்ளை இருந்தார். ஏழாவது எழுத்தில் எனக்கும் விளங்கிவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்த முடியுமா? விடுதிக்காரர் வேறு நிமிடத்துக்கு ஒரு தரம் அழைத்துக்கொண்டிருந்தார்.

"பேந்து ஒண்டு, நாலு, மூண்டு" என்றார் அம்மா.

"நூற்றி நாற்பத்து மூண்டோ? அது என்ன, பஸ் நம்பரோ?" என்று கேட்டார் அண்ணை. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. யாரும் பதில் சொல்லவில்லை.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா கேட்டார். "தம்பி, இது ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் மாதிரியெல்லே கிடக்கு. ஆற்ற பேர்?"

"அது... கொம்பியூட்டற்ற பேர் அம்மா."

மூன்றாம் மேசைப் பிள்ளை எழுந்து தேத்தண்ணி போடப் போனார். எல்லாருக்கும் போட்டார். என்னுடையதில் மட்டும் சீனி இல்லை.

கொம்பியூட்டர் திறந்தது. செக் அவுட்டை இரத்துச் செய்யும் பொத்தானில் அண்ணை எலியை வைத்துவிட்டார். நான் கையைப் பிடித்தேன். இரத்துச் செய்தால் அவன் ஏதாவது எழுதியிருந்தால் போய்விடும், முதலில் என்ன மாற்றியிருக்கிறான் என்று பார்ப்போம் என்றேன். லைப்ரரியில் இருப்பதையும் அவனுடைய பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் பார்த்தோம். முழுப் பைலிலும் மாறியிருந்தது ஒரே ஒரு வரி.

இடப்பக்கம் 12. வலப்பக்கம் 11.

வேலையை அவன் எட்டு நாளுக்கு முன்பே முடித்திருக்கிறான். செக் இன் மட்டும் செய்யவில்லை.

அண்ணை நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் செக் இன் பொத்தானை அழுத்தினார். சிவப்புச் சரி போனது. ஒரு நொடி கூட எடுக்கவில்லை. எட்டரைக்குப் பதிப்பு கட்டி, ஒன்பதரைக்கு விடுதியில் ஏற்றியாகிவிட்டது. விடுதிக்காரர், "இதுக்கோ தம்பி இவ்வளவு நேரம்?" என்றார்.

அந்தப் பைலின் வரலாற்றில், நெடுந்தீவுக் கோயிலில் லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்த ஒருவன் டிசம்பர் 31 இரவு திருநெல்வேலியிலிருந்து செக் இன் செய்ததாகப் பதிவாகிவிட்டது. அதைக் காட்டி அவன் பிறகு மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்டான் என்பது தனிக் கதை.

நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட இருந்தபோது போன் அடித்தது. பின்னால் கோயில் மணிச் சத்தம் கேட்டது.

"தம்பி, புதுவருச வாழ்த்துகள். குறை நினையாதை, ஒண்டு கேக்க மறந்திட்டன்" என்றார் அம்மா. "அந்தக் கொம்பியூட்டர் எந்த ஊர்?"