கதவுத் தூணில் ஒரு சீட்டு

"நான்கு டயரிலும் காற்று 24 psiதான் இருக்கிறது அண்ணா. கடைசியாக எப்போது காற்று பிடித்தீர்கள்?"

திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில், இன்று காலை. என்னிடம் பதில் இல்லை.

அந்தத் தம்பி ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவை ஒட்டிய தூணில் இருந்த சீட்டின் புழுதியைக் கட்டைவிரலால் துடைத்தார். இந்த வண்டிக்கு வேண்டிய காற்றழுத்தம்: 33.

ஆறு வருடமாகத் திறந்து மூடும் கதவு.

அதுவும் ஓடிச் சூடான டயரில் 24. ஆறிய டயரில் இன்னும் குறைவாக இருந்திருக்கும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி விரிகிறது. அந்த வீண் உழைப்புக்கு எரிவது நம் பெட்ரோல்.

டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை நிரப்பும் லிட்டரால் வகுத்துப் பார்ப்பேன். லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்த வண்டி மூன்று மாதமாக 15தான் கொடுக்கிறது. எஞ்சினைச் சந்தேகித்தேன், பாவம்.

டயர் ஒரு பங்குதான். மீதி என் வலது கால்.

80இல் போகிறவர் 100க்கு ஏறினால் வேகம் கால் பங்குதான் கூடும். காற்றுத் தடையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். சென்னையிலிருந்து விழுப்புரத்துக்கு அப்படி விரட்டி மிச்சமாவது அரை மணி நேரம்கூட இல்லை. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளியே வாங்கும் நாட்டில், இந்த அவசரம் எனக்கு உறுத்துகிறது.

பிறகு 80ஐத் தாண்டவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தூரத்தில் தெரிந்ததுமே, கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அப்படி உருளும்போது இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும்.

வண்டி தானாகவே தணிந்து வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்தது. பிரேக்கை லேசாகத் தொட்டதோடு சரி.