ஜிப்சம் போர்டு சுவரில் பழைய வால்பேப்பரை உரித்தபோது

பெங்களூர் அல்சூரில் ஒரு பழைய வீடு. ஹாலைத் தடுத்திருந்த ஜிப்சம் போர்டு சுவரில் வால்பேப்பரை எடுத்துவிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. செங்கல் சுவர் என்றால் சுரண்டித் தள்ளிவிடலாம், இதில் முடியாது. 12.5 மி.மீ. கனமுள்ள போர்டுக்குப் பலமே இரு முகத்திலும் ஒட்டியிருக்கும் தாள்தான். அது போனால் உள்ளே இருப்பது சாக்பீஸ் போல உதிரும்.

தொடுவதற்கு முன் அது ஜிப்சம்தானா என்று பாருங்கள். ஸ்விட்ச் பாக்ஸ் ஓரத்தில் (மெயினை அணைத்துவிட்டு) வெட்டுமுகம் தெரியும். வெள்ளையாக, நகத்தால் கீறினால் மாவாக வந்தால் ஜிப்சம். சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட்டாக இருக்கலாம். அதைத் தேய்க்கவோ துளையிடவோ கூடாது. அடியில் பழைய பெயின்ட் இருந்தாலும் உலர்வாகத் தேய்க்காதீர்கள், அதில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

வினைல் மேல்தோல் மூலையிலிருந்து சாய்வாக இழுத்தால் காய்ந்தபடியே வந்துவிடும். அடித்தாள்தான் பாடாய்ப் படுத்தும். வெந்நீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, ஒரு நேரத்தில் மூன்றடி அகலத்துக்கு மட்டும் ஸ்பிரே செய்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, அகலமான பட்டி பிளேடைப் படுக்கையாகத் தள்ளினோம். தண்ணீர் வழிந்தோடும் அளவுக்கு அடித்தால் ஜிப்சமே இளகிவிடும். பிளேடை நிமிர்த்திப் பிடித்தால் முகத்தாள் கிழியும்.

பசை மிச்சமிருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. துடைத்துக் காய்ந்த இடத்தில் ஒரு சொட்டு பெட்டாடின் வையுங்கள். கருநீலமானால் ஸ்டார்ச் பசை இன்னும் இருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் நுண்விரிசல் விடும். ஃபெவிகால் போட்டு ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை உதவாது, தண்ணீருக்கும் லேசில் வராது. அங்கே பிடிவாதமாக உரிக்காமல், தளர்ந்த ஓரங்களை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு மேலேயே சீல் செய்வதுதான் சரி.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில இடங்களில் முகத்தாள் கிழிந்து பழுப்பு நார் தெரியும். அதன்மேல் நேராகப் பட்டி பூசினால் நார் ஈரத்தை இழுத்து உப்பிக் கொப்புளமாகும். பூசிய அன்று தெரியாது, பெயின்ட் அடித்தபிறகு பல்லிளிக்கும். கிழிசலின் ஓரத்தைப் பிளேடால் சீராக வெட்டி, ஆயில் பிரைமர் ஒரு கோட் அடித்துக் காயவிட வேண்டும். தச்சர்கள் பாலிஷுக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் அருமையாக வேலை செய்யும். எஸ்.ஜே.பி. ரோடு ஹார்டுவேர் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அரக்கிலுள்ள மெழுகை அடியில் படியவிட்டு மேல்தெளிவை மட்டும் எடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பெயின்டர் வொயிட் சிமென்ட் பட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் தடுத்துவிடுங்கள். அது சிமென்ட் சுவருக்கானது. போர்டு லேசாக அசையும், அந்தப் பட்டி வளையாது, பாளமாகப் பெயரும். இங்கே ஜாயின்ட் காம்பவுண்ட்தான் (ஜிப்சம் போர்டுக்கான பட்டி) வேண்டும். ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 10-க்கு 10 அடிச் சுவருக்கு ஒன்பதரை லிட்டர் வாங்குங்கள். இரண்டு மெல்லிய கோட், இடையில் ஒரு நாள். மழைக்காலத்தில் இன்னும் கூடும். ஈரமான இடம் கருத்துத் தெரியும், அது முழுக்க வெளுக்கும்வரை அடுத்த கோட் வேண்டாம். கடைசியில் 150, பிறகு 220 உப்புத்தாள், முகமூடியோடு. டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் மேடு பள்ளம் காட்டிக்கொடுத்துவிடும்.

பாத்ரூமை ஒட்டிய பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ கரும்பூஞ்சை ஊடுருவியிருந்தாலோ பூச்சு வீண். முதலில் கசிவை நிறுத்தி, இரு பக்கமும் போர்டைத் தாங்கும் ஸ்டட்டின் (உள்ளே நிற்கும் சட்டத்தின்) நடுவரை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு வைக்க வேண்டும். 25 மி.மீ. ஸ்க்ரூவின் தலை தாளைக் கிழிக்காமல் லேசாகக் குழியணும். கிழித்துவிட்டால் பிடிமானமே இல்லை, பக்கத்தில் இன்னொன்று போடுங்கள். மறுபடியும் வால்பேப்பர்தான் ஒட்டப் போகிறீர்கள் என்றாலும் முதலில் முழுச் சுவருக்கும் பிரைமர் அடியுங்கள். முன்பு ஒட்டியவர்கள் அதை விட்டதால்தான் பசை நேராகப் போர்டின் தாளைப் பிடித்துக்கொண்டு இத்தனை வேலை வைத்தது.