காலையில் எரிந்து, பத்து கிலோமீட்டரில் அணைந்த விளக்கு

கோடையில் ஒரு நீண்ட பயணத்தின் நடுவே நிறுத்தி டயர்களில் காற்று பார்த்தேன். காற்றழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்கில் நான்கிலும் 38. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 33 என்று இருந்தது. வெயிலில் டயர் வெடித்துவிடுமோ என்று பயந்து, நான்கிலும் காற்றை இறக்கி 33-க்குக் கொண்டுவந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, குளிர் தொடங்கிய ஒரு காலையில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. லாடம் மாதிரி ஒரு வளைவு, உள்ளே ஆச்சரியக்குறி; டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு அது. பத்து கிலோமீட்டர் ஓட்டியதும் அணைந்துவிட்டது. சென்சார் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் தினமும் இதேதான். சர்வீசுக்கு விட்டபோது மெக்கானிக் முன் டயரைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நடுவில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர் மேடுகள், நன்றாக இருந்தது, இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தன. காற்று குறைவாக ஓடிய டயரின் அடையாளம் அது. இரவு முழுவதும் அங்கேயே நின்ற வண்டியில் காலையில் அளந்தபோது 24.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஓடிச் சூடான டயர் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். கதவு ஸ்டிக்கரில் இருப்பதோ ஆறிய டயருக்கான அளவு. நான் இறக்கிய அன்றிரவே அது 28-க்கு வந்திருக்கும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. இறங்கும். போதாததற்கு, நல்ல டயரிலேயே மாதம் ஒன்று வரை தானாகக் கசியும். பல வண்டிகளில் கால்வாசி காற்று குறைந்த பிறகுதான் அந்த விளக்கே எரியும். ஓட்டியதும் டயர் சூடாகி அழுத்தம் ஏறியதால்தான் அணைந்தது. சென்சார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

உடனே சொந்தமாகக் காற்றழுத்தம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கினேன். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் படும் முன் அளக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால்கூட அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டுகின்றன. காற்று பிடிக்கும் இடம் தொலைவில் இருப்பதுதான் சிக்கல், போவதற்குள் டயர் சூடாகிவிடும். அதனால் எவ்வளவு குறைகிறது என்பதை வீட்டிலேயே குறித்துக்கொள்வேன். காலையில் 30 என்றால் மூன்று வேண்டும். அங்கே போனதும் 32 காட்டினால் 35 வரை அடிக்கச் சொல்வேன். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் எண்ணைப் பார்த்து அடிக்க விடுவதில்லை, அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நைட்ரஜன் பிடித்தால் இந்தக் கவலை இல்லை என்றார்கள். அதுவும் சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும்.

மாதாமாதம் குறித்துவைத்ததில் பின் இடது சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக இறங்குவது தெரிந்தது. சோப்புத் தண்ணீரை வால்வில் விட்டேன், குமிழி வந்தது. உள்ளே இருக்கும் சின்ன ஊசியை மாற்றியதும் நின்றுவிட்டது.

இப்போது குளிர் தொடங்கும்போதும் வெயில் ஏறும்போதும் கூடுதலாக ஒரு முறை பார்க்கிறேன். கோடைக்கு இறக்குவது என்றாலும் ஆறிய டயரில்தான். ஸ்டெப்னியை மட்டும் இத்தனை நாள் மறந்திருந்தேன். போன வாரம் அளந்தபோது 19.