பழம் ஊறட்டும், கேக் மணக்கட்டும்

விடுமுறைக் காலத்துக்கான பிளம் கேக் என்று பேச்செடுத்தாலே, ரம் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். எப்போது ஊற்றுகிறோம், எதன்மேல் ஊற்றுகிறோம் என்பதை ஒழுங்காகத் தீர்மானித்துவிட்டால் அளவு தானாகவே அமைந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். சுடுவதற்கு முன் பழங்களுக்குத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். சுட்ட பிறகு கேக்குக்குக் கையைக் கட்டிக் கொடுக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்து, ஊறாத பழத்தைப் போட்டுச் சுட்டுவிட்டு, கடைசி வாரத்தில் அரைப் புட்டியைக் கேக்கின் தலையில் கவிழ்ப்பதால்தான் மூக்கில் ஏறும் நெடியும் சேறு போன்ற அடிப்பகுதியும் வருகின்றன. பிளம் கேக் பிடிக்காது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் சாப்பிட்டது இப்படிப்பட்ட கேக்காகத்தான் இருக்கும்.

ஒரு கிலோ உலர்பழத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி ரம் அல்லது பிராந்தி போதும். கருந்திராட்சையும் கிஸ்மிஸும் பாதிக்கு மேல் இருக்கட்டும். மீதியைப் பேரீச்சை, உலர் அத்தி, சர்க்கரைப் பாகில் வேகவைத்த ஆரஞ்சுத் தோல் ஆகியவை நிரப்பட்டும். ஆரஞ்சுத் தோலை மட்டும் வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று வற்புறுத்துவேன். அந்த மெல்லிய கசப்பு இல்லையென்றால் இத்தனை இனிப்பையும் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. பச்சையும் சிவப்புமாகச் சாயம் ஏற்றிய பழத் துண்டுகளுக்கு என் கேக்கில் இடமில்லை. அவை நிறத்தைத் தருகின்றன, சுவையைத் தருவதில்லை. கடையில் வாங்கும் திராட்சை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருப்பதற்காகப் பெரும்பாலும் எண்ணெய் பூசப்பட்டிருக்கும் என்பதால், வெதுவெதுப்பான நீரில் அலசி, துணியில் பரப்பி, ஈரம் முழுவதும் போன பிறகே ஜாடியில் போட வேண்டும். ஈரம் தங்கினால் சாராயத்தின் வீரியம் குறையும், ஊறல் கெட்டுப்போகவும் வழியுண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடி ஜாடியில் இறுக மூடி, இரண்டு நாளுக்கு ஒரு முறை தலைகீழாகத் திருப்பி வைத்தால் மேலே உள்ள பழமும் கீழே உள்ள பழமும் ஒரே அளவில் ஊறும்.

ஒரு வாரம் ஊறினால் கேக் செய்துவிடலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் ஊறினால் அது வேறு பண்டம். வித்தியாசத்தை அறிய ஒற்றைத் திராட்சை போதும். மூன்றாம் நாள் எடுத்துக் கடித்தால், முதலில் ரம்மின் காரம் நாக்கைத் தொடும், பிறகு தனியாகத் திராட்சையின் இனிப்பு வரும், நடுவில் இன்னும் சவ்வுபோல் இழுக்கும். ஒரு மாதம் கழித்து எடுத்தால் சுருக்கங்கள் தளர்ந்து, தோல் பளபளத்து, விரலால் அழுத்தும்போதே மெத்தென்று அமுங்கும். கடித்தால் எது பழம், எது ரம் என்று பிரிக்க முடியாது. இதற்குள் ஜாடியில் இருக்கும் திரவமும் மாறியிருக்கும். சாராயம் பழத்துக்குள் போகப் போக, பழத்தின் சர்க்கரையும் மணமும் வெளியே வந்து, தண்ணீராக இருந்தது பாகாகக் கெட்டிப்படும். சுடும்போது பழத்தை வடித்துவிட்டு இந்தப் பாகைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

எந்த மதுவைத் தேர்ந்தெடுப்பது? ரம் கரும்புச் சர்க்கரைப் பாகிலிருந்து பிறப்பது. அதனால் பழுப்புச் சர்க்கரை, கேரமல், பட்டை, ஜாதிக்காய் ஆகியவற்றோடு இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது. பிராந்தி திராட்சையிலிருந்து வடிப்பது; கிஸ்மிஸ் அதிகமாக உள்ள வெளிர் நிறக் கேக்குக்கு அதுவே பொருத்தம். இரண்டையும் சரிபாதியாகக் கலப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புகை மணம் தூக்கலான விஸ்கியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது வந்தால் கிராம்பும் சுக்கும் வாய் திறக்காது. எந்த மதுவானாலும் 40 சதவீத வீரியம் உள்ளதாக இருக்கட்டும். வைன் சேர்த்து ஊறவைத்த பழத்தை நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது.

மாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 20 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, மைதா மூன்றும் 225 கிராம் வீதம், முட்டை நான்கு. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து, திரிந்து போவதுபோல் தெரிந்தால் ஒரு கரண்டி மைதாவைத் தூவிச் சமாளிக்கலாம். பாதாம், வால்நட் போன்றவற்றை இந்தக் கட்டத்தில்தான் சேர்க்க வேண்டும். பழத்தோடு ஊறவைத்தால் அவற்றின் மொறுமொறுப்புப் போய்விடும். டின்னுக்கு உள்ளே இரண்டு அடுக்குப் பட்டர் பேப்பரும், வெளியே சுற்றிக் கட்டிய கெட்டியான பழுப்புத் தாளும் தேவை. ஓவன் 140 டிகிரி செல்சியசில் இருந்தால், மூன்றரை முதல் நான்கரை மணி நேரம் வரை ஆகும். வெந்ததா என்று அறியக் குச்சியைக் குத்திப் பார்ப்பது வழக்கம்தான்; ஆனால் ஊறிய பழத்தில் பட்டுவிட்டால் குச்சி எப்போதும் ஈரமாகவே வரும். அதனால் நான் காதையும் நம்புகிறேன். வேகாத கேக்கை வெளியே எடுத்து, முகத்தை அருகில் கொண்டுபோனால், உள்ளே ஈரம் கொதிக்கும் சன்னமான சலசலப்புக் கேட்கும். அந்தச் சத்தம் ஏறக்குறைய அடங்கும் வரை அது ஓவனில் இருக்க வேண்டியதுதான்.

சுட்டால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தனிச் சாராயம் 78 டிகிரியிலேயே கொதிப்பது உண்மைதான். ஆனால் நீரோடும் சர்க்கரையோடும் கலந்திருக்கும்போது அது அவ்வளவு சுலபமாக வெளியேறுவதில்லை. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணைப்படி, ஒரு மணி நேரம் சமைத்த பண்டத்தில் சேர்த்த சாராயத்தின் கால் பங்கும், இரண்டரை மணி நேரம் சமைத்ததில் 5 சதவீதமும் மிஞ்சுகின்றன. ஆகவே, நான்கு மணி நேரம் சுட்ட கேக்கில் ஊறல் விட்டுச் செல்வது பெரும்பாலும் மணத்தையும் சுவையையும்தான். பிறகு நாம் ஊற்றுவதோ நெருப்பையே பார்ப்பதில்லை. காற்றில் போவது போக மீதியெல்லாம் கேக்கிலேயே தங்குகிறது. சுட்டபின் சிக்கனம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேக் டின்னிலேயே முழுவதும் ஆறிய பிறகு, மெல்லிய கம்பியால் அங்கங்கே குத்தி, இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி ரம்மைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு வாரம் ஒரு முறை, ஒரு வாரம் மேற்புறம், மறு வாரம் அடிப்புறம் என்று மாற்றி மாற்றி, மொத்தம் நான்கு முறை போதும். பத்திரப்படுத்திய பாகை இந்த ரம்மில் சிறிது கலந்துகொண்டால் மேற்பரப்பு காயாமல் பளபளப்பாகவே இருக்கும். முதலில் பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல்தான் அலுமினிய ஃபாயில் வர வேண்டும். பழத்தின் புளிப்பு நேரடியாகப் பட்டால் ஃபாயிலில் ஓட்டை விழும். வெட்டுவதற்கு முந்தைய வாரம் எதுவும் ஊற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள். ஊற்றிய ரம் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரை பரவ அந்த ஒரு வாரம் கட்டாயம் தேவை.

பழக் கேக் எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு 2017 ஆம் ஆண்டு ஒரு சான்று கிடைத்தது. அண்டார்க்டிகாவின் கேப் அடாரில் உள்ள பழைய குடிலில், துருப்பிடித்த தகர டின்னுக்குள், ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் நிறுவனத்தின் பழக் கேக் ஒன்றை நியூசிலாந்தின் அண்டார்க்டிக் பாரம்பரிய அறக்கட்டளையினர் கண்டெடுத்தார்கள். அது ராபர்ட் ஸ்காட்டின் பயணக் குழு கொண்டு சென்றதாகக் கருதப்படுகிறது; நூறாண்டுக்கு மேலான பிறகும் பார்வைக்குச் சாப்பிடலாம் போலவே இருந்தது. கெட்டுப்போனதற்கான ஒரே அறிகுறி, வெண்ணெயின் இலேசான சிக்கு வாடை. இங்கே கவனிக்க வேண்டியது அந்த வாடையைத்தான். குளிரும், நம் வீட்டில் சர்க்கரையும் சாராயமும், பூஞ்சையைத் தள்ளி வைக்கலாம். கொழுப்பு காலப்போக்கில் சிக்கு அடிப்பதை அவை முழுவதும் தடுப்பதில்லை. எனவே வெண்ணெயையும் பருப்புகளையும் புதிதாக வாங்குங்கள். ஒரே ஒரு பழைய வால்நட் இரண்டு மாத உழைப்பைக் கெடுத்துவிடும்.

சுவைக்கும்போது குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு வெட்டாதீர்கள். குளிரில் வெண்ணெய் இறுகி, மணமும் முடங்கிவிடும்; சில மணி நேரம் வெளியே வைத்து, பல் உள்ள கத்தியால் மெல்லிய துண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். முதலில் முகருங்கள்: ஆரஞ்சுத் தோலும் பட்டையும் முன்னால் வந்து, ரம் பின்னாலிருந்து கமழ வேண்டும். வெட்டிய முகத்தில் பழங்கள் மேலிருந்து கீழ்வரை சீராகப் பரவி, மாவு அவற்றை இணைக்கும் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும். வாயில் போட்டால் மாவு உதிராமலும் ஒட்டாமலும் கரைந்து, பழம் கடைசியாக மென்று முடிக்கும்படி அமைய வேண்டும். விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இளஞ்சூடு மிஞ்சினால் அதுவே சரியான அளவு. எரிச்சல் தெரிந்தால், ஊற்றுவதை நிறுத்தி இன்னும் இரண்டு வாரம் வைத்திருங்கள், பெரும்பாலும் தணிந்துவிடும்.

பரிமாறும்போது இதில் மது இருக்கிறது என்று சொல்லிவிட்டே தட்டை நீட்ட வேண்டும். நான்கு முறையில் ஊற்றிய 120 மில்லி ரம்மில் 48 மில்லி தனிச் சாராயம் இருக்கிறது. இரண்டு கிலோ கேக்கை 25 துண்டாக்கினால் ஒரு துண்டுக்கு அதிகபட்சம் இரண்டு மில்லி வரும். பலருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், குடியை விட்டு மீண்டு வந்தவர்களுக்கும், சமய நம்பிக்கையால் மதுவைத் தொடாதவர்களுக்கும் அது சின்ன விஷயமில்லை. அவர்களுக்காக, கெட்டியான கறுப்புத் தேநீரில் ஓர் இரவு மட்டும் ஊறவைத்த பழத்தைப் போட்டுத் தனியாக ஒரு சிறிய கேக் சுட்டு, அதை ஒரு வாரத்துக்குள் பரிமாறிவிடுகிறேன்.