அக்கா மகளின் ஸ்கி பூட்ஸ்

டிசம்பர் 13

அக்கா மகள் பிப்ரவரியில் காஷ்மீரில் இருக்கிற குல்மார்க் போகிறாள், பனிச்சறுக்கு பழக. ஆபீஸ் தோழி இரண்டு ஜோடி பூட்ஸ் கொடுத்து எது சரியாக இருக்கிறதோ வைத்துக்கொள் என்றாளாம். ஒன்று 24.5, இன்னொன்று 26. இந்த எண் பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். சாயங்காலம் குதிகாலைச் சுவரில் ஒட்டி நிற்கவைத்து அளந்தேன், 24.3 வந்தது.

அக்கா விடவில்லை. "பெருசையே எடுத்துக்கட்டும்டா, ரெண்டு சாக்ஸ் போட்டா சரியாயிடும்." பெரியமேட்டில் ஷூ வேலை பார்க்கிற என்னிடம் இதைக் கேட்காத வாடிக்கையாளரே இல்லை. ஆனால் இந்த பூட்ஸில் கால் ஆடினால் அடியில் மாட்டுகிற ஸ்கி பலகை பேச்சைக் கேட்காது, கால் ஆடுகிறதே என்று பூட்ஸின் பக்கிளை, அதாவது இறுக்குகிற கொக்கியை, இறுக்க இறுக்க ரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் விறைக்கும். மெல்லிய சாக்ஸ் ஒன்றே ஒன்று போதும்.

டிசம்பர் 14

பூட்ஸுக்குள் இருக்கிற மெத்தை உறையை, அதாவது லைனரை, உருவிவிட்டு வெளியே இருக்கிற வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விடச் சொன்னேன். விரல் முன்னால் லேசாகத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 24.5-இல் அப்படியே இருந்தது, 26-இல் மூன்றுக்கு மேல். சரி, பெரியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

லைனரோடு போட்டதும் "விரல் இடிக்குது மாமா" என்றாள். நேராக நின்றால் இடிக்கத்தான் செய்யும். குதிகாலைத் தரையில் ரெண்டு தட்டு தட்டி, முழங்காலை முன்னால் மடக்கச் சொன்னேன், விரல் தானாகப் பின்வாங்கியது. லைனர் புழங்கப் புழங்க அமுங்கி இடம் கொடுக்கும், அதனால் முதல் நாளே மெத்தென்று இருக்கிற பூட்ஸை நான் நம்பமாட்டேன்.

டிசம்பர் 17

வலது சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் மட்டும் வலி போகவில்லை. அது இறுக்கம் இல்லை, ஓடு குத்துகிறது. அந்த எலும்பில் லிப்ஸ்டிக் தடவி, லைனர் இல்லாமல் காலை விடச் சொன்னதில் ஓட்டின் உள்பக்கம் இடம் சரியாகப் பதிந்தது. பட்டறைக்கு எடுத்துப்போய் ஹீட் கன்னால் பொறுமையாகச் சூடேற்றி, உள்ளிருந்து வெளியே தள்ளி, இறுக்கியபடியே ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். அவசரப்பட்டு உடனே கழற்றினால் பிளாஸ்டிக் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

டிசம்பர் 18

அரை மணி நேரம் போட்டுக்கொண்டு நின்றாள், வலது கால் ஒன்றும் சொல்லவில்லை. விரல் பக்கத்து பக்கிளைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும், அதுவும் லேசாக என்று சொல்லிக்கொடுத்தேன். நகத்தையும் ஒட்ட வெட்டியாக வேண்டும். இடது காலில் கணுக்கால் பக்கம் ஏதோ உரசுகிறதாம், அதை ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்.