டான்ட்ரெயில் நாட்குறிப்பு: யார் கதையில் யார்?

(ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டுக்கு 2024-இல் வந்த எக்ஸ்பான்ஷன், அதாவது கூடுதல் கதைப்பகுதி, டான்ட்ரெயில். அதன் கடைசி வரை பேசுகிறேன். இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.)

26 மே 2024, ஞாயிறு

ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் திருத்திய பெஞ்ச்மார்க்கை (நம் கணினி தாங்குமா என்று பார்க்கும் முன்னோட்டம்) இன்று ஓட்டிப் பார்த்தேன். ஏப்ரலில் வந்த முதல் பெஞ்ச்மார்க்கில் என் கதாபாத்திரமான பூனைக்காது மிக்கோட்டேயின் கண்ணில் ஒளியே இல்லை. நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவள் மாதிரி நின்றாள். எல்லா நாட்டிலும் இதே புலம்பல்தான். பதினோரு வருடப் பழைய கிராஃபிக்ஸைப் புதுப்பிக்கிறோம் என்றார்கள், சந்தோஷப்பட்டோம். அவரவர் முகம் மாறியதும் சண்டைக்குக் கிளம்பிவிட்டோம். தயாரிப்பாளர் நவோகி யோஷிதா மன்னிப்புக் கேட்டார், வெளிச்சத்தையும் கண்களையும் சரிசெய்து மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லை, பழைய முகம் திரும்பிவிட்டது.

"பொம்மைக்கு இவ்வளவு அழுகையா?" என்று தங்கை கேட்கிறாள். 2015-இலிருந்து ஒவ்வொரு கட்சீனிலும் (கதையைப் படமாக ஓட்டும் காட்சி) நான் பார்ப்பது அந்த முகத்தைத்தான். கதையின் நாயகிக்கு வசனம் கிடையாது, தலையாட்டுவாள், முறைப்பாள், அவ்வளவுதான். முகத்தையும் எடுத்துவிட்டால் அவளிடம் வேறு என்ன மிஞ்சும்?

23 ஜூன்

குழுவைக் குணப்படுத்தும் ஹீலர்கள் வேலைநிறுத்தம் அறிவித்திருக்கிறார்கள்! நிஜமாகத்தான். முன்னால் நின்று அடிவாங்கும் டாங்க்குகளே தங்களைக் குணப்படுத்திக்கொள்கிறார்கள், எங்களுக்கு ஒரே பட்டனை அழுத்துவதைத் தவிர வேலையில்லை, புது எக்ஸ்பான்ஷனிலும் இது மாறவில்லை என்பது குற்றச்சாட்டு. நியாயமானதுதான். எங்கள் கூட்டத்தின் மணிலா ஹீலரிடம் "நீயும் கொடி பிடிக்கிறாயா?" என்று கேட்டேன். "சம்பளம் கொடு, பார்க்கலாம்" என்றாள்.

27 ஜூன், வியாழன்

சர்வர் மூடியிருக்கிறது. நாளை மாலை ஐந்து மணிக்குத் திறக்கும், சிங்கப்பூர் நேரம். நாங்கள் இருப்பது ஜப்பான் பக்கத்து டோன்பெரி சர்வரில். தென்கிழக்காசியாவில் ஆங்கிலம் பேசி விளையாடுபவர்கள் வெகுகாலமாகக் கூடும் இடம் அது. 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் மெட்டீரியா என்ற சர்வர் தொகுதி திறந்தபோது பலர் அங்கே போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் டிஸ்கார்டில் உட்கார்ந்து பழைய திறப்புவிழாக்களைப் பேசிக்கொண்டிருந்தோம்.

2017-இல் வந்த எக்ஸ்பான்ஷன் ஸ்டார்ம்பிளட். கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ரௌபான் என்ற பாத்திரத்திடம் பேசி ஒரு தனிச் சண்டைக்குள் போக வேண்டும். சர்வர் படுத்துவிட்டது. ஊர்ப்பட்ட கூட்டம் அவரைச் சுற்றி நின்று கிளிக் செய்துகொண்டே இருந்தது. அந்த நிலைமைக்கு 'ரௌபான் எக்ஸ்ட்ரீம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள், விளையாட்டிலேயே கடினமான பாஸ் அதுதான் என்று.

2021-இல் எண்ட்வாக்கர். நவம்பர் 23-இலிருந்து டிசம்பர் 7-க்குத் தள்ளிவைத்தபோது யோஷிதா நேரலையில் கண்கலங்கினார். வந்த பிறகு வரிசையில் ஆயிரக்கணக்கில் ஆள். காத்திருந்து காத்திருந்து முன்னால் வரும்போது 2002 என்று ஒரு எரர் வந்து வெளியே தள்ளிவிடும். முதலில் ஏழு நாள், பிறகு இன்னும் பதினான்கு நாள் சந்தாவை இலவசமாகக் கொடுத்தார்கள். இடமில்லை என்று விளையாட்டின் விற்பனையையே ஜனவரி வரை நிறுத்தி வைத்தார்கள். நன்றாகப் போகும் பொருளை விற்க மாட்டேன் என்ற கம்பெனியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் அப்போது பெரிய கோபம் எழவில்லை. அதற்கு முந்தைய ஷேடோபிரிங்கர்ஸ் முடித்துவிட்டு வந்திருந்த கூட்டம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கத் தயாராக இருந்தது.

28 ஜூன், வெள்ளி

உள்ளே நுழைந்தாயிற்று, பெரிய வரிசை இல்லை. கப்பல், கடல், டூலியோலால் துறைமுகம். நகரத்தின் இசைக்காகவே படிக்கட்டில் சும்மா நின்றேன். நாயகனுக்குக் கிடைக்கும் கோடை விடுமுறை இது என்று போன வருடம் லாஸ் வேகஸ் ரசிகர் விழாவில் யோஷிதா சொன்னார். விடுமுறை மாதிரிதான் இருக்கிறது.

30 ஜூன்

விடுமுறை நீண்டுகொண்டே போகிறது.

கதை இதுதான். டுராலின் அரசர் குலூல் ஜா ஜா, இரண்டு தலை கொண்டவர், அரியணையை விடப் போகிறார். பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி. மூத்தவன் ஸோரால் ஜா படைபலத்தை நம்புகிறவன், கோவானா வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், மூன்றாவது வுக் லமாட், மக்களைப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லாதவள். பிள்ளைகளோடு பகூல் ஜா ஜா என்ற ரௌடியும் போட்டியில் இருக்கிறான். நாம் வுக் லமாட்டுக்குத் துணை. ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு இனத்தாரின் வாழ்க்கையையும் தெரிந்துகொண்டு தேர்வுகளில் தேற வேண்டும், வழியில் சமையலும் உண்டு.

அவள் கப்பலில் வாந்தி எடுக்கிறாள், கடத்தப்படுகிறாள், அழுகிறாள், சிரிக்கிறாள். எனக்கு அவளைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் செய்வது என்ன? இவரிடம் பேசு, அங்கே போ, அவரிடம் பேசு, பக்கத்தில் நின்று தலையாட்டு. எங்கள் கூட்டத்து ஈப்போ தம்பி கட்சீனுக்கு நடுவில் துணி மடித்து முடித்துவிட்டானாம்.

4 ஜூலை, வியாழன்

ஸ்டீமில் விமர்சனங்கள் 'கலவை' என்று காட்டுகிறது. எண்ட்வாக்கரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே கூட்டம்! இன்று டிஸ்கார்டில் ராத்திரி வரை சண்டை ஓடியது.

ஒரு கட்சி, "வுக் லமாட் வாயைத் திறந்தாலே எரிச்சல்" என்கிறது. இன்னொரு கட்சி, "பத்து வருடமாக உலகத்தைக் காப்பாற்றியது போதாதா, ஒரு சின்னப் பெண்ணுக்கு வழிகாட்டினால் குறைந்தா போவோம்?" என்கிறது. மூன்றாவது கட்சி, ஒரே நாளில் கட்சீனைத் தாண்டித் தாண்டி முடித்துவிட்டு, கதையில் ஆழம் இல்லை என்கிறது. அவர்களோடு பேச எனக்குத் தெம்பில்லை.

ஸ்டார்ம்பிளட்டிலும் இதே பஞ்சாயத்துதான். அலா மிகோ நாட்டின் விடுதலைப் போர் லைஸ் என்ற தோழியின் கதையாகப் போயிற்று, நாம் பின்னால் நின்றோம். அன்று அவளை ஏசியவர்கள் இன்று வுக் லமாட்டை ஏசுகிறார்கள். ஹெவன்ஸ்வர்ட் முடித்த சூட்டோடு வந்ததால் ஸ்டார்ம்பிளட் அடிவாங்கியது, எண்ட்வாக்கர் முடித்த சூட்டோடு வந்ததால் டான்ட்ரெயில் அடிவாங்குகிறது என்றாள் மணிலா ஹீலர். பாதி உண்மை. 2013-இல் தொடங்கிய ஹைடலின், சோடியார்க் என்ற இரு தெய்வங்களின் கதை எண்ட்வாக்கரோடு தீர்ந்துவிட்டது. அடுத்து எது வந்தாலும் சின்னதாகத்தான் தெரியும்.

மீதிப் பாதி வேறு. ஹெவன்ஸ்வர்டில் நண்பன் ஹோர்ஷஃபாங் செத்தது நமக்கு வந்த ஈட்டியைத் தன் கேடயத்தில் வாங்கி. ஷேடோபிரிங்கர்ஸில் நாம் வேற்றுலகத்துக்கு விருந்தாளியாகத்தான் போனோம், ஆனால் அந்த உலகத்து ஒளி முழுவதும் நம் உடம்புக்குள் இறங்கி நம்மைத் தின்றது. எதிரியான எமெட்-செல்க் கூடவே நடந்து நம்மை எடைபோட்டுக்கொண்டே வந்தான். எண்ட்வாக்கரில் நம் உடம்பையே திருடிக்கொண்டார்கள். வேறொருவன் உடலுக்குள் அடைபட்டு, பனியில் தவழ்ந்து தோழர்களிடம் திரும்பினோம். வசனமே இல்லாத ஒரு ஆளைக் கதைக்குள் எப்படி இழுப்பது என்று இவர்களுக்கு நன்றாகவே தெரியும்: அந்த ஆளின் உடம்புக்கு எதையாவது செய்வார்கள். டான்ட்ரெயிலில் லெவல் 95 வரைக்கும் எனக்கு எதுவுமே நேரவில்லை. வுக் லமாட் அதிகம் பேசுவது எனக்குக் குறையாகப் படவில்லை. அவள் பக்கத்தில் நிற்கும் எனக்கு வலிக்காததுதான் குறை.

இதைச் சொன்னதும் ஈப்போ தம்பி, "அக்கா, உங்களுக்கு அடிபட வேண்டும் என்று ஆசை, அவ்வளவுதானே?" என்றான். கட்டுரை மாதிரி நான் பேசியதை ஒரு வரியில் முடித்துவிட்டான்.

6 ஜூலை

வுக் லமாட்டுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தவர் ஒரு திருநங்கை. கதை பிடிக்காத கோபம் என்று சொல்லிக்கொண்டு அவரை வசைபாடுகிறது ஒரு கும்பல். இவர்களில் எத்தனை பேர் விளையாட்டை வாங்கினார்கள் என்பதே சந்தேகம். இதனால் நேர்மையான குறையைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. "முதல் பாதி இழுவை" என்று எழுதப் போய், அந்தக் கும்பலில் ஒருத்தியாக எண்ணிவிடுவார்களோ என்று அழித்துவிட்டேன்.

9 ஜூலை

அப்பாடா, கதை எழுந்துவிட்டது. ஸோரால் ஜா தன் படையோடு திரும்பி வந்து டூலியோலாலைக் கொளுத்துகிறான், அப்பாவையே கொல்கிறான். யாஸுலானி என்ற பகுதியை மின்னல் கூடாரம் ஒன்று மூடியிருக்கிறது. வெளியே கொஞ்ச நாள், உள்ளே முப்பது வருடம். உள்ளே அலெக்ஸாண்ட்ரியா, நியான் வெளிச்சத்தில் சொல்யூஷன் நைன். பெயரைக் கேட்டதும் ஃபைனல் ஃபேண்டஸி 9 ரசிகர்கள் கூட்டமாக அழுகிறார்கள். தட்டச்சுப் பிழைகளில் தெரிகிறது.

அரசி ஸ்பீன் இனிமையாகப் பேசுகிறாள். இந்தத் தொடரில் இவ்வளவு இனிமையாகப் பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கப் பழகிவிட்டோம்.

13 ஜூலை, சனி

கடைசிப் பகுதியான லிவிங் மெமரி முடித்தேன். போட்டியில் எல்லோரும் அவ்வளவு தேடிய தங்க நகரம் இதுதான்: செத்தவர்களின் நினைவுகளைச் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. வாய்க்கால், படகு, பூந்தோட்டம், எரிமலை. எல்லோரும் இளமையாக, சிரித்த முகமாக. இது ஓடுவதற்கு உயிருள்ளவர்களின் ஆற்றல் வேண்டும், அதற்காக ஸ்பீன் மற்ற உலகங்களைச் சூறையாடத் தயார். அதனால் நாம் ஒவ்வொரு பகுதியாகப் போய் அணைக்க வேண்டும்.

அணைத்ததும் வண்ணம் போய்விடுகிறது. கட்சீன் முடிந்து திரும்பி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கதையை முடித்தபின் மறுபடி போய்ப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் அப்படியே கிடக்கிறது. இதைச் செய்தது வுக் லமாட் இல்லை, என் கை. நான்காம் தேதி முழுக்க நான் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். கடைசி லெவலில் கொடுக்கிறார்கள்.

நம்மோடு வந்த எரென்வில் தன் அம்மாவை வழியனுப்பும் இடத்தில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தவன், எல்லாவற்றையும் கடைசி நொடி வரை தள்ளிப்போடுகிறான். அந்த அம்மாவோ விளையாட்டாகவே பேசிக்கொண்டு போகிறாள். ஆனால் கிரைல்? எத்தனை வருடமாகக் கூட்டத்தில் ஒரு ஓரமாக நின்றவள், இது அவள் கதை என்றுதான் ட்ரெய்லர் முதல் நம்பவைத்தார்கள். பெற்றோரைச் சந்திக்கிறாள், கொஞ்ச நேரம் பேசுகிறாள், முடிந்தது. டகோ சாப்பிடக் கொடுத்த நேரத்தில் பாதியை இவளுக்குக் கொடுத்திருக்கலாம். இந்தக் கோபத்தில் மட்டும் டிஸ்கார்டின் எல்லாக் கட்சியும் ஒன்று.

பிறகு கடைசிச் சண்டை. எட்டுப் பேர் உயிரைக் கொடுத்து அடித்துக்கொண்டிருக்கும்போது, சுவரை உடைத்துக்கொண்டு "ஸ்பீன்!" என்று கத்தியபடி வுக் லமாட் குதிக்கிறாள். இங்கேயுமா அம்மா நீ! நான் சிரித்துவிட்டேன். மணிலா ஹீலருக்கு அது சரியான முடிவாம், ஸ்பீனோடு கடைசிவரை பேச முயன்றவள் அவள்தானே என்கிறாள். இருக்கலாம். எமெட்-செல்கைக் கடைசியில் நான்தான் சந்தித்தேன், குறுக்கே யாரும் வரவில்லை.

18 ஜூலை

ஆர்கேடியன் ரெய்டு (பலர் சேர்ந்து ஆடும் பெரிய சண்டைகள்) திறந்துவிட்டது. மல்யுத்த மேடை, அறிவிப்பாளர், பார்வையாளர் ஆரவாரம். கதையைத் திட்டியவர்களும் சண்டைகளைத் திட்டவில்லை. டஞ்சன்கள் எண்ட்வாக்கரை விட விறுவிறுப்பு, தூங்கிக்கொண்டே தப்ப முடியாது. வேலைநிறுத்தம் செய்த ஹீலர்களுக்கு வேலையும் வந்துவிட்டது, எங்கள் டாங்க் விழுந்துகொண்டே இருக்கிறான்.

17 நவம்பர் 2024, ஞாயிறு

செவ்வாயன்று 7.1 பேட்ச் வந்தது. கதை அமைதியாகப் போகிறது, ஸோரால் ஜாவின் மகன், அந்தச் சின்னப் பையன் குலூல் ஜாவைச் சுற்றி. ஜூலையில் கத்தியவர்களில் பலர் இந்தப் பக்கமே வரவில்லை. வந்தவர்கள் நிதானமாகப் பேசுகிறார்கள்.

இருபத்துநான்கு பேர் ரெய்டு வேறு ரகம். ஃபைனல் ஃபேண்டஸி 11-இன் ஜூனோ நகரம்! 2002-இல் வந்த விளையாட்டு அது. அந்தக் காலத்து ஆட்கள் ஒவ்வொரு பாஸையும் பெயர் சொல்லி வரவேற்க, நாங்கள் புரியாமல் செத்து விழுந்தோம். குழுவே கலைந்துவிடும் என்று நினைத்தேன், ஒருவரும் போகவில்லை. மறுபடி, மறுபடி. நாயகன் யார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இல்லை.

சந்தா இந்த மாதத்தோடு முடிகிறது. போரடித்தால் நிறுத்துங்கள், வேறு விளையாடுங்கள், அடுத்த பேட்சுக்கு வாருங்கள் என்று யோஷிதாவே பலமுறை சொல்லியிருக்கிறார். இந்த முறை அவர் பேச்சைக் கேட்கப் போகிறேன். ஈப்போ தம்பியிடம் சொன்னேன்.

"7.2-க்கு வந்துவிடுவீர்கள்தானே அக்கா?"

"கிரைலுக்கு ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல், வருகிறேன்."